குபெர்னெட்டிஸ் எண்ட்-டு-எண்ட் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் மூலநிரலில், ‘டெஸ்ட்/இ2இ’ ஃபோல்டரில் உள்ள சோதனைத் தொகுப்பை (ஓடும் கிளஸ்டரை முழுதாகச் சோதிப்பது) கட்டுவது, ஓட்டுவது, அதில் புதிதாக ஒன்று எழுதுவது, தோற்றால் காரணம் தேடுவது பற்றிய கேள்விகள் இவை. கோ மொழியும் பாட், நோட், நேம்ஸ்பேஸ் போன்ற அடிப்படைகளும் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. சொந்தமாக ஆப்பரேட்டர் (ஒரு மென்பொருளைக் கிளஸ்டருக்குள் தானாக நிர்வகிக்கும் கன்ட்ரோலர்) எழுதுகிறவர்களுக்கான கேள்வி கடைசியில் இருக்கிறது.

யூனிட் சோதனையும் இன்டகிரேஷன் சோதனையும் இருக்கும்போது இது எதற்கு?

‘டெஸ்ட்/இன்டகிரேஷன்’ சோதனைகளில் ஏபிஐ சர்வரும் எட்சிடியும் (கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளம்) நிஜமானவை. ஆனால் அங்கே கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் பாட்களைத் துவக்கும் நிரல்) கிடையாது, எந்தக் கன்டெய்னரும் ஓடாது. ஷெட்யூலர் ஒரு பாடை ஒரு நோடுக்கு ஒதுக்கி, கியூப்லெட் அதைத் துவக்கி, நெட்வொர்க் ஐபி கொடுத்து, டிஎன்எஸ் பெயர் வேலை செய்து, சர்வீஸ் வழியாகப் பதில் வருகிறதா என்பதை எண்ட்-டு-எண்ட் சோதனையால் மட்டுமே சொல்ல முடியும்.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஏபிஐ பொருளைப் பார்த்தாலே போதும் என்றால் (வேலிடேஷன், டீஃபால்ட் மதிப்புகள், கன்ட்ரோலர் எழுதும் ஸ்டேட்டஸ்) இன்டகிரேஷன் சோதனையே போதும். அது சில விநாடிகளில் முடியும். அதையே எண்ட்-டு-எண்டாக எழுதினால் நிமிடக்கணக்கு ஆகும், தோற்பதற்கான சம்பந்தமில்லாத காரணங்களும் பத்து மடங்கு கூடும்.

என்னென்ன கட்ட வேண்டும்?

மூன்று பைனரிகள்: ‘இ2இ.டெஸ்ட்’ (சோதனைகள்), ‘கிங்கோ’ (அவற்றை ஓட்டும் கோ மொழிச் சோதனைக் கருவி), ‘கியூப்சிடிஎல்’ (கிளஸ்டருக்கான கட்டளைக் கருவி). மூலநிரலின் மேல் ஃபோல்டரில் மேக் கட்டளையை ‘வாட்’ மாறியுடன் ஓட்டினால் மூன்றும் ‘_அவுட்புட்/பின்’ கீழே வந்துவிடும். கியூப்சிடிஎல் ஏன் என்றால், சில சோதனைகள் அதை நேரடியாக அழைக்கின்றன. அது ‘பாத்’ சூழல் மாறியில் உள்ள ஃபோல்டர்களில் இல்லையென்றால் அந்தச் சோதனைகள் மட்டும் தனியாகத் தோற்கும், பிழைச் செய்தியும் குழப்பமாக இருக்கும்.

கிங்கோவை வெளியிலிருந்து நிறுவ வேண்டாம். மூலநிரலின் ‘கோ.மாட்’ கோப்பில் உள்ள கிங்கோ நூலகப் பதிப்பும் கட்டளைக் கருவியின் பதிப்பும் பொருந்த வேண்டும். அதே மூலநிரலிலிருந்து கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டவே வேண்டாம் என்றால் ஒவ்வொரு வெளியீட்டுடனும் ‘குபெர்னெட்டிஸ்-டெஸ்ட்’ என்று தொடங்கும் சுருக்கக் கோப்பு வருகிறது. இ2இ.டெஸ்டும் கிங்கோவும் அதற்குள் தயாராக இருக்கும். கிளஸ்டர் எந்த மைனர் பதிப்போ அதே பதிப்பை எடுங்கள். புதிய சோதனைகளைப் பழைய கிளஸ்டர்மேல் ஓட்டினால், அங்கே இல்லாத அம்சங்களுக்கான சோதனைகள் வரிசையாகத் தோற்கும். அந்தத் தோல்விகளால் ஒன்றும் தெரிய வராது.

மடிக்கணினியில் எந்தக் கிளஸ்டரை வைத்து ஓட்டுவது?

‘கைண்ட்’ போதும். ஒவ்வொரு நோடும் ஒரு டாக்கர் கன்டெய்னராக ஓடும் கருவி அது. நீங்கள் மாற்றிய மூலநிரலைச் சோதிக்க வேண்டுமானால் ‘கைண்ட் பில்ட் நோட்-இமேஜ்’ மூலம் நோட் இமேஜைக் கட்டி, அந்த இமேஜைக் கொடுத்துக் கிளஸ்டரை உருவாக்குங்கள். இந்தப் படியைத் தவறவிட்டு, கைண்ட் இயல்பாகத் தரும் இமேஜின் மேலேயே சோதனையை ஓட்டி “என் திருத்தம் வேலை செய்யவில்லையே” என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. நோடுகளின் பட்டியலில் கியூப்லெட் பதிப்பைப் பார்த்தால் எது ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு கன்ட்ரோல் பிளேன், இரண்டு வொர்க்கர் என்று கான்ஃபிக் எழுதுங்கள். இரண்டு பாட்கள் வேறு வேறு நோடில் இருக்க வேண்டும் என்று கேட்கும் சோதனைகள் பல உண்டு. ஒற்றை நோடில் அவை ஸ்கிப் ஆகிவிடும், அல்லது தோற்கும். டாக்கர் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிறது என்றால், மூலநிரலைக் கட்டுவதற்காக அதற்கு 8 ஜிபி நினைவகம் ஒதுக்குங்கள்.

லினக்ஸில் நோடுகள் கூடும்போது “டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்” என்று பாட்கள் விழலாம். பெரும்பாலும் காரணம் திறந்த கோப்புகளின் வரம்பு அல்ல, இனோட்டிஃபை (கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) வரம்பு. ‘மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்’ மதிப்பை 524288 என்றும் ‘மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ்’ மதிப்பை 512 என்றும் சிஸ்கண்ட்ரோலில் வைத்தால் தீரும். கிளஸ்டர் எழும்பாமலே போனால் ‘ரீட்டெய்ன்’ ஃபிளாக்குடன் மறுபடி உருவாக்குங்கள். அது இல்லாவிட்டால், தோற்றதும் நோட் கன்டெய்னர்களை அழித்துவிட்டு லாகையும் கூடவே கொண்டுபோய்விடும்.

ஒரே ஒரு சோதனையை எப்படி ஓட்டுவது?

இ2இ.டெஸ்ட் பைனரிக்குக் கியூப்கான்ஃபிக் (கிளஸ்டரோடு இணைவதற்கான விவரக் கோப்பு) பாதையையும், ‘ப்ரொவைடர்’ மதிப்பாக ‘ஸ்கெலிட்டன்’ என்பதையும், ‘கிங்கோ.ஃபோகஸ்’ மதிப்பாகச் சோதனைப் பெயரின் ஒரு பகுதியையும் கொடுத்தால் போதும். ஸ்கெலிட்டன் என்றால் “எந்த கிளவுட் வசதியும் இல்லை” என்று பொருள். கிளவுட் தேவைப்படும் சோதனைகள் தாமாகவே ஸ்கிப் ஆகும்.

ஃபோகஸ் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். சோதனைப் பெயர்களில் சதுர அடைப்புகள் நிறைய வரும். அவற்றுக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போடாவிட்டால் ‘இந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று’ என்று பொருள் மாறி, ஆயிரக்கணக்கான சோதனைகள் கிளம்பிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், ஷெல் கை வைக்காது.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் ஆபத்தானது. ஃபோகஸில் ஓர் எழுத்து பிழையானாலும் ஒரு சோதனையும் பொருந்தாது, கிங்கோ எதையும் ஓட்டாமல் வெற்றி என்று பச்சையில் முடித்துவிடும். முடிவு வரியில் ‘இத்தனையில் இத்தனை ஓடியது’ என்ற எண்ணைப் பார்க்காமல் வெற்றி என்று நம்பாதீர்கள். முன்கூட்டியே ‘டிரை-ரன்’ ஃபிளாக்குடன் ஓட்டினால் எவை பொருந்துகின்றன என்று தெரியும். டிரை-ரன் இணை ஓட்டத்தில் வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெயர்களில் வரும் அடைப்புக்குறி லேபல்கள் என்ன?

‘ஸ்லோ’: 5 நிமிடத்துக்கு மேல் எடுப்பவை. ‘சீரியல்’: மற்றவற்றோடு சேர்த்து ஓட்டக் கூடாதவை, உதாரணமாக ஒரு நோடின் வளத்தை முழுக்கப் பிடிப்பவை. ‘டிஸ்ரப்டிவ்’: நோடையோ கன்ட்ரோல் பிளேனின் பாகங்களையோ மறுதுவக்கம் செய்பவை. இவையும் தனியாகத்தான் ஓட வேண்டும். ‘ஃபிளேக்கி’: நிலையற்றவை என்று அடையாளம் காணப்பட்டு, திருத்தும் வரை ஒதுக்கி வைக்கப்பட்டவை. ‘ஃபீச்சர்’ லேபல் உள்ளவை எல்லாக் கிளஸ்டரிலும் இல்லாத ஏதோ ஓர் அமைப்பைக் கேட்கின்றன.

முதல் ஓட்டத்துக்கு இந்த ஐந்தையும் ஸ்கிப் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். புதிய பதிப்புகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குப் பதில் ‘லேபல்-ஃபில்டர்’ பயன்படுத்தலாம். ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ குறிகளோடு எழுதுவதால் படிக்கவும் எளிது, பிழையும் குறைவு.

இணையாக ஓட்டும்போது எத்தனை ப்ராசஸ் வைக்கலாம்?

‘ஹேக்’ ஃபோல்டரில் உள்ள கிங்கோ ஸ்கிரிப்ட் இணை ஓட்டத்தில் இயல்பாக 25 வைக்கிறது. அது சிஐ (நிரல் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும்) இயந்திரங்களுக்கான எண். நான்கு கோர் மடிக்கணினியில் கைண்ட் கிளஸ்டர்மேல் 25 வைத்தால் எட்சிடி வட்டுக்காகக் காத்து நிற்கும், பாட்கள் தாமதமாக எழும், டைம்-அவுட்கள் கொட்டும். 4-இல் தொடங்கி, டைம்-அவுட் வராத வரை கூட்டுங்கள்.

கட்டளையில் கிங்கோவுக்கான ஃபிளாக்குகள் முதலில், பிறகு பைனரி, பிறகு இரட்டைக் கோடு, அதன் பிறகே கியூப்கான்ஃபிக் முதலான சோதனை ஃபிளாக்குகள். கிங்கோ கருவியின் இயல்பான கால வரம்பு 1 மணி நேரம். முழுத் தொகுப்பை ஓட்டும்போது ‘டைம்அவுட்’ மதிப்பை 24 மணி என்று கொடுக்காவிட்டால் நடுவில் வெட்டிவிடும்.

சோதனை எதுவும் தொடங்காமல் தொகுப்பு அப்படியே நிற்கிறது. ஏன்?

முதல் சோதனைக்கு முன் எல்லா நோடுகளும் தயாரா, ‘கியூப்-சிஸ்டம்’ நேம்ஸ்பேஸின் பாட்கள் தயாரா என்று காத்திருக்கும் படி ஒன்று உண்டு. சிஸ்டம் பாட்களுக்கான வரம்பு 10 நிமிடம். நெட்வொர்க் பிளகின் நிறுவாத கிளஸ்டரில் கோர்டிஎன்எஸ் (கிளஸ்டரின் டிஎன்எஸ் சேவை) பெண்டிங்கிலேயே கிடக்கும், தொகுப்பும் அங்கேயே நிற்கும். வேறொரு டெர்மினலில் கியூப்-சிஸ்டம் பாட்களைப் பட்டியலிட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். ஒரு நோட் தயாராகாமல் இருப்பது தெரிந்தே செய்தது என்றால், ‘அலவ்ட்-நாட்-ரெடி-நோட்ஸ்’ ஃபிளாக்கில் எண்ணைக் கொடுங்கள்.

புதிய சோதனை எழுத எங்கே தொடங்குவது?

உங்கள் அம்சத்துக்குப் பொறுப்பான சிக் (சிறப்பு ஆர்வ) குழுவின் ஃபோல்டரில், பக்கத்துக் கோப்பைப் பார்த்துத் தொடங்குங்கள். அமைப்பு எப்போதும் ஒன்றுதான். டிஸ்க்ரைப் பிளாக்குக்குள் ‘நியூடீஃபால்ட்ஃப்ரேம்வொர்க்’ அழைப்பு. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் தனி நேம்ஸ்பேஸ் கிடைக்கும், முடிந்ததும் நீங்கும். அதன் கீழே ‘இட்’ பிளாக், அதன் ஃபங்ஷன் கான்டெக்ஸ்டை அளவுருவாக வாங்க வேண்டும்.

ஃப்ரேம்வொர்க் உருவாக்கும் நேம்ஸ்பேஸுக்கு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், பாட் செக்யூரிட்டி நிலை ‘ரெஸ்ட்ரிக்டட்’. செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் இல்லாத சாதாரண பாடே அங்கே மறுக்கப்படும். இதைக் கண்டதும் பலரும் ‘ப்ரிவிலெஜ்ட்’ என்று மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். ரூட் அல்லாத பயனர், ப்ரிவிலெஜ் உயர்வுக்குத் தடை, எல்லா கேப்பபிலிட்டிகளும் நீக்கம், இயல்பான செக்காம்ப் ப்ரொஃபைல் ஆகிய நான்கையும் பாடில் எழுதினால் ரெஸ்ட்ரிக்டடிலேயே ஓடும். ஹோஸ்ட் நெட்வொர்க்கோ ஹோஸ்ட்பாத்தோ நிஜமாகவே தேவைப்படும்போது மட்டும் நிலையைத் தளர்த்துங்கள்.

கன்டெய்னர் இமேஜுக்கு ‘அக்ன்ஹோஸ்ட்’ பயன்படுத்துங்கள். ஹெச்டிடிபி சர்வர், டிஎன்எஸ் சோதனை, சும்மா நிற்பது எல்லாமே அதன் துணைக்கட்டளைகளாக உள்ளன. இமேஜ் பெயரை நேரடியாக எழுதாமல் ‘டெஸ்ட்/யூட்டில்ஸ்/இமேஜ்’ பட்டியல் வழியாக எடுத்தால்தான் இணையம் இல்லாத இடத்தில் ஓட்டுகிறவர்கள் வேறு ரெஜிஸ்ட்ரிக்கு மாற்ற முடியும்.

சும்மா நிற்கும் பாடுக்கு ‘ஸ்லீப் 3600’ எழுதுவதும் ஒரு பொறி. கன்டெய்னரின் முதல் ப்ராசஸாக ஓடும் ஸ்லீப், ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் சிக்டெர்ம் சமிக்ஞையைக் கண்டுகொள்ளாது. அழிக்கும்போது 30 விநாடி கிரேஸ் காலம் முழுதும் ஓடி, பிறகே கட்டாயமாக நிறுத்தும் ‘சிக்கில்’ சமிக்ஞை வரும். அக்ன்ஹோஸ்டில் சும்மா நிற்பதற்கான ‘பாஸ்’ துணைக்கட்டளை சமிக்ஞை வந்ததும் வெளியேறும்.

காத்திருப்பதைச் சரியாக எழுதுவது எப்படி?

எண்ட்-டு-எண்ட் சோதனையில் பாதி வேலை காத்திருப்புதான். நிலையற்ற சோதனைகளில் பெரும்பகுதி பிறப்பதும் இங்கேதான்.

‘டைம்.ஸ்லீப்’ எழுதாதீர்கள். வேகமான கிளஸ்டரில் அது வீண், மெதுவான கிளஸ்டரில் போதாது. ‘ஈவென்ச்சுவலி’ மூலம் நிலையைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒன்று நடக்கக் கூடாது என்று நிரூபிக்க ‘கன்சிஸ்டன்ட்லி’. இவை இரண்டும் வரும் கோமேகா நூலகத்தை வெளியே தனியாகப் பயன்படுத்தினால் ஈவென்ச்சுவலியின் இயல்பான வரம்பு 1 விநாடி, இடைவெளி 10 மில்லிவிநாடி. கிளஸ்டருக்கு இரண்டுமே பொருந்தாது. பாட் எழ 5 நிமிட வரம்பும் 2 விநாடி இடைவெளியும் குபெர்னெட்டிஸ் ஃப்ரேம்வொர்க்கில் வழக்கம்.

ஈவென்ச்சுவலிக்குக் கொடுக்கும் ஃபங்ஷனுக்குள் பொதுவான ‘எக்ஸ்பெக்ட்’ எழுதினால் முதல் முயற்சியிலேயே சோதனை முழுதும் விழும், மறுமுயற்சி நடக்காது. ஃபங்ஷன் ஒரு கோமேகா அளவுருவை வாங்கி, அதன் எக்ஸ்பெக்டை அழைக்க வேண்டும். இனி தேற வழியே இல்லை என்று தெரிந்தால் (பாட் ‘ஃபெயில்ட்’ நிலைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்) ‘ஸ்டாப்ட்ரையிங்’ கொடுத்து உடனே முடியுங்கள்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்பதிலும் நுணுக்கம் உண்டு.

பாட் ‘ரெடி’ ஆனவுடன் சர்வீஸ் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் மாற வேண்டும், ஒவ்வொரு நோடிலும் கியூப்-ப்ராக்ஸி அதைப் படித்து விதிகளை எழுத வேண்டும். ஒரு நோடில் எழுதியது இன்னொரு நோடில் இன்னும் எழுதாமல் இருக்கலாம். முதல் இணைப்பு முயற்சியையும் ஈவென்ச்சுவலிக்குள் வையுங்கள்.

டிப்ளாய்மென்ட்டைத் திருத்திவிட்டு உடனே ஸ்டேட்டஸைப் படித்தால் பழைய ஸ்டேட்டஸ் கிடைக்கும், அது “எல்லாம் தயார்” என்றும் சொல்லும். ‘அப்சர்வ்ட்ஜெனரேஷன்’ உங்கள் திருத்தத்தின் ஜெனரேஷனை எட்டிய பிறகே மற்ற எண்களை நம்ப வேண்டும். ஸ்டேட்ஃபுல்செட் பாடை அழித்தால் அதே பெயரில் புதியது வரும். பெயரை வைத்துப் பார்த்தால் பழையதையே ‘திரும்ப வந்துவிட்டது’ என்று எண்ணிவிடுவீர்கள், யூஐடியை ஒப்பிடுங்கள்.

கடைசியாக, தோல்விச் செய்தி. ‘நிபந்தனைக்காகக் காத்து நேரம் முடிந்தது’ என்ற ஒரே வரியுடன் விழும் சோதனை, அதைப் பிறகு படிப்பவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. கடைசியாகக் கண்ட பொருளின் நிலை செய்தியில் வர வேண்டும். ஃப்ரேம்வொர்க்கின் ‘கெட்ஆப்ஜெக்ட்’, ‘ஹேண்டில்ரீட்ரை’ உதவிகளோடு ஈவென்ச்சுவலியை எழுதினால் இது தானாகவே கிடைக்கும், தற்காலிக ஏபிஐ பிழைகளும் மறுமுயற்சிக்குள் அடங்கும். ‘எக்ஸ்பெக்ட்நோஎரர்’ அழைக்கும்போதும் என்ன செய்ய முயன்றோம் என்று ஒரு வரி சேருங்கள்.

சுத்தம் செய்வதில் என்ன தவறு நடக்கிறது?

நேம்ஸ்பேஸ் போனால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை. கிளஸ்டர்ரோல், பெர்சிஸ்டன்ட்வால்யூம், சிஆர்டி (சொந்த ஏபிஐ வகையின் வரையறை), வெப்ஹுக் (ஏபிஐ கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் சேவை) கான்ஃபிக் ஆகியவை நேம்ஸ்பேஸுக்கு வெளியே இருப்பவை. உருவாக்கிய அடுத்த வரியிலேயே ‘டிஃபர்கிளீனப்’ எழுதிவிடுங்கள். வெப்ஹுக்கில் ‘ஃபெயில்’ கொள்கை வைத்து, நேம்ஸ்பேஸ் செலக்டர் வைக்காமல் விட்டால், உங்கள் வெப்ஹுக் பாட் எழும்வரை பக்கத்தில் இணையாக ஓடும் அந்நியச் சோதனைகளின் பாட்களும் மறுக்கப்படும். தோற்பது அவர்களுடையதாக இருக்கும், காரணம் உங்களுடையதாக இருக்கும்.

இன்னொன்று: இட் பிளாக்கின் கான்டெக்ஸ்ட், அந்த பிளாக் முடிந்ததும் ரத்தாகிவிடும். டிஃபர்கிளீனப்புக்குள் அதையே பயன்படுத்தினால் ‘கான்டெக்ஸ்ட் கேன்சல்ட்’ என்று அழிப்பு தோற்கும். கிளீனப் ஃபங்ஷனே ஒரு கான்டெக்ஸ்டை வாங்கும்படி எழுதினால் கிங்கோ புதிதாக ஒன்று கொடுக்கும். கோருட்டீன் துவக்கினால் அதன் முதல் வரியில் ‘கிங்கோரெக்கவர்’ டிஃபர் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு எக்ஸ்பெக்ட் தோல்வி முழு ப்ராசஸையே சாய்த்துவிடும்.

கைண்டில் நான் ஏற்றிய இமேஜை எடுக்காமல் ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ வருகிறது.

டேக் ‘லேட்டஸ்ட்’ என்றிருந்தால் புல் கொள்கை இயல்பாகவே ‘ஆல்வேஸ்’. நோடில் இமேஜ் இருந்தும் ரெஜிஸ்ட்ரிக்குப் போகும். வேறு டேக் கொடுங்கள், அல்லது ‘இஃப்நாட்ப்ரசன்ட்’ என்று எழுதுங்கள்.

சோதனை தோற்றது. எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் தோல்விச் செய்தியும் அதன் நேரமும். அடுத்து, தோற்ற நேம்ஸ்பேஸின் ஈவென்ட்கள், ஃப்ரேம்வொர்க் தோல்வியின்போது அவற்றை லாகிலேயே கொட்டிவிடும். இடம் போதாமை, இமேஜ் எடுக்க முடியாமை, வால்யூம் மவுண்ட் ஆகாமை, ப்ரோப் தோல்வி போன்றவை அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கன்டெய்னரின் வெளியேற்றக் குறி. 137 என்றால் ‘சிக்கில்’ சமிக்ஞை. நினைவக வரம்பை மீறியதா, கிரேஸ் காலம் முடிந்ததா என்று ஸ்டேட்டஸில் உள்ள காரணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதன் பிறகே, பாட் இருந்த நோடின் கியூப்லெட் லாக். பாடின் யூஐடியைத் தேடினால் அந்தப் பாடின் வரிகளை வடிகட்டிவிடலாம்.

‘கைண்ட் எக்ஸ்போர்ட் லாக்ஸ்’ எல்லா நோடுகளின் கியூப்லெட், கன்டெய்னர்டி, பாட் லாக்களையும் ஒரே ஃபோல்டரில் இறக்கும். பொருள்களை உயிருடன் பார்க்க வேண்டுமானால் ‘டெலிட்-நேம்ஸ்பேஸ்-ஆன்-ஃபெயிலியர்’ ஃபிளாக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். ‘ரிப்போர்ட்-டிர்’ கொடுத்தால் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கிடைக்கும்.

சில நேரம் தோற்கிறது, மறுபடி ஓட்டினால் தேறுகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 1000 சோதனைகள், ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு முறைதான் காரணமில்லாமல் தோற்கிறது என்று கொள்வோம். முழுத் தொகுப்பும் பச்சையாக முடியும் வாய்ப்பு 0.999-இன் ஆயிரமாவது அடுக்கு, அதாவது சுமார் 37 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சோதனைகள். ஒன்றாகச் சேர்ந்ததும் மூன்று ஓட்டங்களில் இரண்டு சிவப்பு.

‘ஃபிளேக்-அட்டெம்ப்ட்ஸ்’ ஃபிளாக் தோற்றதை மறுபடி ஓட்டி மறைத்துவிடும். வெளியீட்டு நெருக்கடியில் அதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பிறகு எடுப்பதில்லை. மேலும், மறைந்தது சோதனையின் பிழையா, மென்பொருளின் நிஜமான ரேஸா (செயல்களின் நேர வரிசையால் வரும் பிழை) என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

திரும்பத் தோற்கவைக்க ‘அன்டில்-இட்-ஃபெயில்ஸ்’ ஃபிளாக்குடன் ஓடவிடுங்கள். தனியாக ஓடினால் தோற்கவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் கூட ஓடும் மற்றவைதான் காரணம். இணை ஓட்டத்தில், நோடுகளின் சிபியுவைக் குறைத்து வைத்துப் பாருங்கள். குபெர்னெட்டிஸ் திட்டத்தின் சிஐயில் தோற்பது என்றால் டெஸ்ட்கிரிட் பலகையில் அது எப்போது தொடங்கியது என்றும், ட்ரையாஜ் கருவியில் அதே செய்தி வேறு எந்த ஜாபுகளில் வருகிறது என்றும் பார்க்கலாம். எல்லா ஜாபுகளிலும் என்றால் சோதனையிலோ மூலநிரலிலோ பிழை. ஒரே ஜாபில் என்றால் அந்தச் சூழலை முதலில் சந்தேகியுங்கள்.

கன்ஃபார்மன்ஸ் சோதனை ஆக்க என்ன வேண்டும்?

எந்தக் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரும் தேற வேண்டிய அடிப்படைச் சோதனைகள் இவை. ஜிஏ (பொதுப் பயன்பாட்டுக்கு நிலையானது என்று வெளியான) நிலையை எட்டிய ஏபிஐகளை மட்டுமே தொட வேண்டும். எந்த கிளவுடிலும் ஓட வேண்டும். நோடில் ரூட் அனுமதியையோ கியூப்லெட்டின் நேரடி ஏபிஐயையோ சார்ந்திருக்கக் கூடாது. குறைந்தது 2 வாரம் நிலையாக ஓடியிருக்க வேண்டும். அதனால் நேராகக் கன்ஃபார்மன்ஸ் என்று எழுத முடியாது. முதலில் சாதாரண இட் பிளாக்காக ஓடவிட்டு, பிறகு தனி மாற்றமாக ‘கன்ஃபார்மன்ஸ்இட்’ ஆக்கி, ‘கன்ஃபார்மன்ஸ்.யாமல்’ கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கிளஸ்டர்மேல் இந்தத் தொகுப்பை மட்டும் ஓட்ட ஹைட்ரோஃபோன் அல்லது சோனோபாய் கருவி போதும்.

‘டெஸ்ட்/இ2இ_நோட்’ எதற்கு?

கியூப்லெட்டை மட்டும் சோதிப்பதற்கு. ஓட்டும் இயந்திரத்திலேயே கியூப்லெட், ஏபிஐ சர்வர், எட்சிடி துவங்கும். ரூட் அனுமதியும் கன்டெய்னர் ரன்டைமும் தேவை. உங்கள் அன்றாட இயந்திரத்தில் ஓட்டாதீர்கள், தூக்கி எறியக்கூடிய மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள்.

நான் எழுதுவது ஆப்பரேட்டர். இதே ஃப்ரேம்வொர்க்கை இழுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். குபெர்னெட்டிஸின் முழு மூலநிரலும் டிபென்டன்சியாக வந்து சேரும், ஒவ்வொரு பதிப்பிலும் ஃபங்ஷன்கள் மாறும். கோ மொழியில் எழுத விரும்பினால் சிக் குழுக்கள் பராமரிக்கும் ‘இ2இ-ஃப்ரேம்வொர்க்’ நூலகம், யாமலிலேயே எழுத விரும்பினால் ‘செயின்சா’ அல்லது ‘கட்டில்’ (கேயூடிடிஎல்) என்ற கருவி.

ரீகன்சைல் தர்க்கத்தின் (கிளஸ்டரை விரும்பிய நிலைக்குக் கொண்டுவரும் பகுதி) பெரும்பகுதியை ‘என்வ்டெஸ்ட்’ கருவியில் சோதித்துவிடலாம். அது ஏபிஐ சர்வரையும் எட்சிடியையும் மட்டுமே துவக்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கன்ட்ரோலர் மேனேஜர் இல்லாததால் டிப்ளாய்மென்ட் உருவாக்கினாலும் பாட் வராது. ஓனர் ரெஃபரன்ஸ் வைத்த பிள்ளைப் பொருள்கள் தாய்ப்பொருள் போனாலும் நீங்காது. நேம்ஸ்பேஸை அழித்தால் ‘டெர்மினேட்டிங்’ நிலையிலேயே கிடக்கும். ஆகவே அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பெயரில் நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள், அழிவதற்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைப் பொருள்கள் நீங்குகின்றனவா என்று பார்ப்பதற்குப் பதில் ஓனர் ரெஃபரன்ஸ் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிஜமாகவே நீங்குகிறதா என்பதற்குக் கைண்ட் கிளஸ்டர்மேல் ஒரே ஒரு எண்ட்-டு-எண்ட் சோதனை போதும்.